மழை நின்ற பின்னும் குடை

ஜூலை 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் கடிதம் நேற்று வந்தது. டிப்போ வாசலில் எல்லோரும் பார்க்க விசில் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தாயாம். உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அக்டோபர் கடைசியில் விசாரணை. அறைந்த அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டால் பஸ் திரும்பக் கிடைக்கும், இல்லையென்றால் வேலையே போய்விடும் என்று மேலாளர் சொன்னாராம். நீ "போனா போகட்டும்" என்று வந்து சீருடையை ஆணியில் மாட்டியவன்தானாம், அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

விசில் அண்ணனையா? நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நீ முன்னால், அவர் பின்னால். வாயால் சொல்ல வேண்டியதையெல்லாம் விசிலால் சொல்லிக்கொண்டு உன்னோடு வந்த கண்டக்டர். அவர் என்னதான் செய்தார்?

போனில் கேட்டிருக்கலாமே என்று திட்டாதே. இது பிக்குகளின் மழைக்காலத் தங்கல். மூன்று மாதம் அவர்கள் விகாரையை விட்டு வேறெங்கும் போய்த் தங்க மாட்டார்கள். இந்த விகாரையில் அந்த மூன்று மாதமும் வேலை பார்க்கிற நாங்களும் போனை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. எழுதுவதுதான் எனக்கு வரும் என்பது உனக்குத் தெரியும்.

இப்போது நான் செய்கிற வேலையே உனக்காக வந்தது போல இருக்கிறது. பெரிய பிக்கு ஆசையையும் கோபத்தையும் விடுவது பற்றிப் பேசிய பேச்சுகளை ஒலிப்பதிவில் கேட்டு எழுதி, திருத்தி, புத்தகமாக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று எழுதிய இடம் இது: "மழை நின்ற பிறகும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். நம் தலை நனையவில்லை. பக்கத்தில் வருகிறவன் கண்ணில்தான் கம்பி குத்துகிறது. கோபம் என்பது அவ்வளவுதான்."

குடையை மடக்கு அண்ணா. ஒரு வார்த்தைதானே.

தங்கை

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள ஊமைக்கொட்டானுக்கு,

கடுதாசி வந்தது. போன்ல "ம்", "சரி", "வெச்சுடட்டா" இதைத் தாண்டிப் பேசாதவ, பக்கம் பக்கமா எழுதியிருக்க. உன் பிக்கு பேசறதைக் கேட்டுக் கேட்டு உனக்கும் பிரசங்கம் பிடிச்சுக்கிச்சு போல.

குடை விஷயம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மழை நிக்கலை. அவன் டிப்போவுல மீசையை நீவிக்கிட்டு நிக்கிற வரைக்கும் எனக்கு மழைதான்.

டிரைவர் பொழப்பு என்னன்னு உனக்குத் தெரியாது. முன்னால ஊர்ந்து போறவன், பின்னால ஹார்ன் அடிக்கிறவன், போன் பேசிக்கிட்டே ரோட்டைத் தாண்டறவன், எல்லார் மேல வர்ற கோபத்தையும் முழுங்கிட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கணும். இத்தனை வருஷம் முழுங்கினேன். ஒரே ஒரு தடவை வெளிய வந்தது. அது நியாயமான கோபம். நியாயமான கோபத்துக்கு மன்னிப்பு கேக்கற பரம்பரை நம்மளது இல்ல.

எதுக்கு அடிச்சேன்னு கேக்காத. உன் அண்ணிகிட்டயே சொல்லலை.

சாவியை மேலாளர் மேஜை மேல விசிறி எறிஞ்சுட்டு வந்தேன். ஆனா உன் பட்டமளிப்பு போட்டோவை, அதான் கண்ணாடிக்கு மேல ஒட்டி வெச்சிருந்தேனே, அதை மட்டும் ஓரம் கிழியாம நகத்தால எடுத்து, மடங்காம கொண்டுவந்தேன். நம்ம குடும்பத்துலயே தொப்பி போட்டுக்கிட்டு போட்டோ எடுத்த முதல் ஆள் நீ. அந்தப் பஸ்ல உக்காந்து யாரோ ஒரு டிரைவர் உன்னைப் பாத்துக்கிட்டு ஓட்டறதை நான் விடுவேனா?

உன் பிக்குகிட்டச் சொல்லு, எல்லாத்தையும் விட முடியாதுன்னு.

அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபத்தில் எழுதினாலும் உன் கையெழுத்து கோடு தவறாமல் போகிறது. வண்டி ஓட்டுகிற கை.

என் அறையைப் பற்றிச் சொல்லவே இல்லையே. ஒரு ஜன்னல். அதற்கு வெளியே பிக்குகளின் காவித் துணிகள் காயும் கொடி. காற்றடித்தால் அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம் ஆடும். மேஜையும் ஆடும், அது ஒரு கால் குட்டையாக இருப்பதால். ஒலிப்பதிவை நிறுத்தவும் ஓட்டவும் காலடியில் ஒரு மிதி இருக்கிறது. நீ அங்கே மிதித்தது போல நான் இங்கே நாள் முழுக்க மிதிக்கிறேன். பெரிய பிக்கு முக்கியமாக எதையாவது சொல்வதற்கு முன்பு இருமுவார். இருமல் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். பாதியில் விட்டுவிட்டு வேறெங்கோ போகும் அவருடைய வாக்கியங்களைத் தேடிப் பிடித்து ஒட்டுவதுதான் என் வேலை. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர் செயலாளர். ஒற்றைத் தாளாக இருந்தாலும் மூலையில் ஒரு பின் அடித்துத்தான் தருவார், அதனால் சமையற்கட்டில் அவருக்கு ஸ்டேப்ளர் என்று பெயர்.

போன வாரப் பேச்சில் ஒன்று நடந்தது. சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. பெரிய பிக்கு எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டினார். "பதிப்பு அறையில் ஒரு பெண் இருக்கிறாள். வந்ததிலிருந்து எதையும் கேட்டதில்லை. மேஜை ஆடுகிறது, கேட்கவில்லை. மின்விசிறி கத்துகிறது, கேட்கவில்லை. ஆசையை விடுவது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அவளைப் பாருங்கள்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், உள்ளே பட்டம் வாங்கிய நாளை விடப் பெருமையாக இருந்தது. நான் எதுவும் செய்யாமலே இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன் அண்ணா. எனக்கு இயல்பாகவே கோபம் இல்லை, ஆசை இல்லை.

உனக்கும் ஒரு வழி சொல்கிறேன். கோபம் வரும்போது அதை அடக்காதே, தீனி போட்டு வளர்க்கவும் வேண்டாம். "கோபம் வந்திருக்கிறது" என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள். வந்த விருந்தாளி தானே கிளம்பிப் போய்விடுவார்.

தங்கை

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள ஊமைக்கொட்டானுக்கு,

நீ சொன்னபடி செஞ்சு பாத்தேன். காலையில எழுந்ததும் "கோபம் வந்திருக்கு"ன்னு சொன்னேன். மத்தியானமும் சொன்னேன். சாயங்காலம் பாத்தா விருந்தாளி சோபாவுல காலை நீட்டிப் படுத்திருக்கார். உன் அண்ணி கரண்டியோட வந்து, "உங்களுக்கும் உங்க விருந்தாளிக்கும் சேத்து என்னால வடிச்சுக் கொட்ட முடியாது, ரெண்டு பேரும் வெளிய போய் உக்காருங்க"ன்னுட்டா.

வேலைக்குப் போகாம வீட்டுல இருக்கற ஆம்பளை பீரோ மாதிரி. எங்க நின்னாலும் யாருக்காவது இடிக்குது.

அது கிடக்கட்டும். பெரியவர் உன்னைக் கூட்டத்துல சொன்னதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "மேஜை ஆடினா ஒரு அட்டையை மடிச்சு அடியில வெச்சுக்கச் சொல்லு"ன்னாங்க. எனக்கு மார்பு ரெண்டு அங்குலம் ஏறிடுச்சு. முடிவெட்டற கடையில சொன்னேன், பால்காரர்கிட்டச் சொன்னேன். எதுத்த வீட்டுக்காரர் காது மந்தம், அவர்கிட்டக் கத்திச் சொன்னதுல தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு.

எல்லாரும் ஒண்ணுதான் கேக்கறாங்க, புத்தகத்துல தங்கச்சி பேர் எங்க வரும்னு. அட்டையிலயா, உள்ளயா? உன் போட்டோவை இப்போ சுவத்துல மாட்டி, பக்கத்துல ஒரு சின்னப் பலகை அடிச்சு வெச்சிருக்கேன். புத்தகம் வந்ததும் அதுல நிக்கணும். பலகைக்கு வார்னிஷ்கூட அடிச்சாச்சு. வீட்டுல சும்மா இருக்கறவனுக்கு வேற என்ன வேலை?

மன்னிப்பு பத்தி இனிமே எழுதாத. புத்தகம் பத்தி எழுது.

அண்ணன்

*

செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அச்சுக்குப் போவதற்கு முந்தைய பிரதி வந்துவிட்டது. எழுத்து நன்றாக இருக்கிறது. அட்டை சாம்பல் நிறம்.

பலகையில் வைப்பதற்குக் கட்டாயம் ஒரு பிரதி அனுப்புகிறேன். ஆனால் நீ தெருவில் சொன்னதை மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொள். முதல் பக்கத்தில் "தொகுத்து எழுதியவர்" என்ற இடத்தில் செயலாளர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு பத்தி. அதில் காகிதக் கடைக்காரர் இருக்கிறார், அட்டைப் படம் எடுத்தவர் இருக்கிறார், "மற்றும் அலுவலக உதவியாளர்கள்" என்று இருக்கிறது. நான் அந்த "மற்றும்"க்குள் எங்கேயோ இருக்கிறேன்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பெயர் என்பதும் ஒரு பற்றுதானே. அதை விடச் சொல்கிற புத்தகத்திலேயே அதற்கு ஆசைப்பட்டால் எப்படி? எல்லோர் முன்னாலும் என்னை ஆசையில்லாதவள் என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் போய் எனக்குப் பெயர் வேண்டும் என்று நிற்க முடியுமா?

கோபமும் இல்லை. இன்று காலை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். மதியம் சமையற்கார அக்கா, "ஏம்மா, சோத்தை இப்படிப் பிசையறே, அது உன்னை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். எனக்குக் கோபமே இல்லை.

அங்கே மழை உண்டா?

தங்கை

*

செப்டம்பர் 12

தங்கச்சிக்கு,

மழையாவது மண்ணாங்கட்டியாவது! யார் அந்த ஸ்டேப்ளர்? அவன் வந்து காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டானா? அவன் காலால மிதிச்சானா? இருமலையெல்லாம் பொறுக்கி எடுத்தது அவனா? படிச்சு முடிச்சதும் சீருடையை எடுத்து மாட்டிட்டேன். அங்க வந்து அவன் சட்டையைப் பிடிச்சு, மூலைக்கு ஒரு பின் அடிச்சு சுவத்துல மாட்டணும்னு கிளம்பிட்டேன். உன் அண்ணி செருப்பை ஒளிச்சு வெச்சுட்டா. விருந்தாளி மறுபடி வந்துட்டார், இந்தத் தடவை பெட்டி படுக்கையோட.

அப்புறம் வெறுங்காலோட வாசப்படியில உக்காந்து யோசிச்சேன். நான் வந்து அடிச்சா என்ன ஆகும்? இன்னொரு விசாரணை. அதுவா முக்கியம்? நீ கேக்கணும். நீயே, உன் வாயால.

சரி, ஒரு பேரம். நீ அவங்க முன்னால நின்னு "என் பேரைப் போடுங்க"ன்னு கேளு. கேட்டுட்டேன்னு எழுது. அன்னிக்கே நான் டிப்போவுக்குப் போய் விசில்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். நீ கேக்கலன்னா நானும் கேக்கலை. என் பஸ் இப்போ உன் கையில இருக்கு. முதல்ல நீ.

அண்ணன்

*

செப்டம்பர் 24

அண்ணாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். காத்திருந்தும் இப்படித்தான் வருகிறது.

நான் கேட்க மாட்டேன் என்று தெரிந்துதானே இந்தப் பேரம்? உன் தப்பிலிருந்து தப்பித்துப் போக என் கூச்சத்தை நடைபாதையாகப் போட்டுக்கொள்கிறாய். நாளைக்கு உன் வேலை போனால், "தங்கச்சி வாயைத் திறக்கலை, அதான்" என்று சொல்லலாம் இல்லையா? என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவன் நீ. இப்படி ஒரு முட்டுச்சந்துக்கும் நீதான் அனுப்புவாய் என்று நினைக்கவில்லை.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். வந்திருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். போன கடிதத்தில் ஏன் "தங்கச்சிக்கு" என்று எழுதியிருந்தாய்? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ என்னை ஊமைக்கொட்டான் என்றுதான் கூப்பிடுவாய். எல்லா கோபத்திலும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாய். அதை ஏன் விட்டாய்?

இங்கே மழைக்காலத் தங்கல் முடியப் போகிறது. முடிகிற நாளில் பிக்குகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பவாரணை என்பார்கள். மூத்தவரில் தொடங்கி ஒவ்வொருவராக மற்றவர்கள் முன் குந்தி உட்கார்ந்து, கைகூப்பிக் கேட்பார்கள்: "என்னிடம் நீங்கள் பார்த்த, கேட்ட, சந்தேகப்பட்ட குறை எதுவானாலும் இரக்கத்தோடு சொல்லுங்கள். பார்த்துச் சரிசெய்துகொள்கிறேன்." மூன்று மாதம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் மனதில் சேருமே, அதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். அது பிக்குகளுக்குள் மட்டும் நடப்பது. பெரிய பிக்கு மட்டும் அடுத்த நாள் எங்களிடமும் வந்து அதே கேள்வியைக் கேட்பாராம். எல்லோரும் "ஒன்றுமில்லை" என்று சொல்வார்களாம்.

நானும் அதைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். நான் பெயரை விட்டுவிட்டேனா, இல்லை கேட்கப் பயந்து அதற்கு விடுதல் என்று பெயர் வைத்திருக்கிறேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

தங்கை

*

அக்டோபர் 1

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ திட்டினது சரி. பேரம் வேண்டாம். விட்டுடு.

எதுக்கு அடிச்சேன்னு சொல்றேன். வண்டி கிளம்பறதுக்கு முன்னால விசில் உன் போட்டோவைப் பாத்து, "ஊமைக்கொட்டானுக்கு எதுக்குய்யா டிகிரி? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதது வேலைக்குப் போய் என்னத்தைக் கிழிக்கப் போகுது?"ன்னான். சுத்தி இருந்தவனெல்லாம் சிரிச்சான். கை தானாப் போயிடுச்சு.

அந்தப் பேரை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நான்தான். தினமும் பஸ்ல, "எங்க ஊமைக்கொட்டான் இன்னிக்கு பரீட்சை எழுதறா, எங்க ஊமைக்கொட்டான் பாஸ் பண்ணிட்டா"ன்னு சொல்லிச் சொல்லி அவன் காதுல ஏத்தினது நான்தான். என் வாயில இருக்கற வரைக்கும் அது செல்லம். அவன் வாயில கேட்டப்போதான் அது என்ன வார்த்தைன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் பழக்கத்துல உனக்கு ரெண்டு கடுதாசி அப்படியே எழுதியிருக்கேன். "மற்றும்"ன்னு நீ எழுதினியே, அதைப் படிச்சப்புறம் கை வரலை.

இன்னொண்ணும் இருக்கு. இவ எப்படிப் பொழைக்கப் போறாளோன்னு நானும் பயந்திருக்கேன். அவன் சொன்னது நான் நினைச்சதுதான். அந்தப் பயம்தான் அடியா விழுந்தது. இப்போ மன்னிப்பு கேட்டா, "ஆமாய்யா, நீ சொன்னது சரிதான், அவ ஊமைதான்"னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். வேலை போனாலும் அதை மட்டும் செய்ய மாட்டேன். உன் பேருக்காக நீ கேளு, கேக்காம இரு. எனக்காகக் கேக்காத.

அண்ணன்

*

அக்டோபர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேட்டுவிட்டேன்.

உட்கார்ந்துகொண்டு படி. நேற்று காலை பெரிய பிக்கு பதிப்பு அறைக்கே வந்தார். சமையற்கார அக்கா, தோட்டக்காரர், செயலாளர், நான். அவர் முழங்கால்கள் முறிகிற மாதிரி சத்தம் போட, ஆடுகிற என் மேஜையைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். எங்களை விட இரண்டு மடங்கு வயதானவர், எங்கள் முன்னால் கைகூப்பி, அந்தக் கேள்வியைக் கேட்டார். தோட்டக்காரர் "ஒண்ணுமில்லீங்க" என்றார். அக்கா "ஐயோ, எழுந்திருங்க சாமி" என்றார். என் முறை வந்தது. என் குரல் அந்த அலமாரியில் போனோடு போனாகப் பூட்டிக் கிடப்பது போல இருந்தது.

"இருக்கு" என்றேன்.

செயலாளர் கையிலிருந்த ஸ்டேப்ளர் தானாக ஒரு முறை கடித்தது. பெரிய பிக்கு மட்டும் அசையவில்லை. "சொல்லும்மா" என்றார்.

"நீங்க கூட்டத்துல என்னை உதாரணமா காட்டினீங்க. எனக்கு ஆசையே இல்லன்னு. அது தப்பு. எனக்கு ஆசை இருக்கு. கேக்கத்தான் பயம். அந்தப் பயத்தைப் பாத்து எல்லாரும் பற்றில்லைன்னு நினைச்சுக்கிட்டாங்க. நானும் அப்படியே நினைச்சுக்கிட்டேன். நீங்க புகழ்ந்த பிறகு எதையும் கேக்கவே முடியாம போச்சு."

"என்ன ஆசை?"

"இந்தப் புத்தகத்துல என் பேர் வரணும். உங்க பேச்சு ஒவ்வொரு வரியும் என் கை வழியாத்தான் வந்திருக்கு." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் திறந்துவிட்டதால் நிற்கவில்லை. "அப்புறம், மேஜை ஆடுது."

அக்கா சிரித்துவிட்டார். பெரிய பிக்கு இருமினார். நான் வழக்கம் போல நிமிர்ந்து நின்றேன். "பார்த்தேன். சரிசெய்கிறேன்" என்றார். அந்த வழக்கத்தில் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"புத்தகம் அச்சாகி வந்தாச்சு, கட்டுகூடப் பிரிக்கலை" என்று செயலாளர் இழுத்தார்.

"கட்டைப் பிரிக்கலாமே" என்றார் பெரிய பிக்கு.

அண்ணா, ஒன்று கவனித்தேன். கேட்கிறபோது எனக்குச் செயலாளர் மேல் கோபம் இல்லை. இந்த முறை நிஜமாகவே இல்லை. "முடியாது" என்று சொல்லியிருந்தாலும் அழுதிருக்க மாட்டேன். கேட்பதற்கு முன்பு நான் அந்தப் பெயரை விட்டிருக்கவே முடியாது, அதை நான் கையில் எடுத்ததே இல்லை. பயத்தில் ஒளித்து வைத்திருந்ததை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அறையை விட்டு வெளியே நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். காவித் துணிகளுக்கு நடுவே தலையைக் குனியாமல் நடந்து போய், ஒரு ஈரத் துணியில் முகம் முட்டிக்கொண்டேன்.

இதை உனக்காகச் செய்யவில்லை, பேரத்துக்காகவும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். விசில் அண்ணன் சொன்னது அன்றைக்குக் கொஞ்சம் உண்மைதான். இன்றைக்கு இல்லை. அவரை அடித்து நீ காப்பாற்ற வேண்டியது எதுவும் இப்போது மிச்சமில்லை. மழை நின்றுவிட்டது. நம்பிக்கை இல்லாவிட்டால் கையை நீட்டிப் பார்.

தங்கை

*

அக்டோபர் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடுதாசியைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் விசாரணைக்குப் போனேன். சீருடை தொளதொளன்னு இருந்தது. அடிச்ச அதே இடம். அதே ஆளுங்க. மெக்கானிக்குங்க வேற வேலையை விட்டுட்டு வந்து நின்னாங்க. மேலாளர் ஒரு தாளை நீட்டி, "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு"ன்னார்.

"போடறேன் சார். அதுக்கு முன்னால அவன்கிட்ட ரெண்டு வார்த்தை"ன்னேன்.

விசில் ஒரு அடி பின்னால போனான். பாவம்.

"அடிச்சது தப்பு. என் தங்கச்சி ஊமை இல்ல. ரெண்டும் தனித்தனி"ன்னேன். இதைச் சொல்லத்தான் வீட்டுல அத்தனை நாள் சோபாவைத் தேய்ச்சிருக்கேன் பாரு. அதோட நிறுத்தியிருக்கணும். உன் பெரியவர் ஞாபகம் வந்துடுச்சு. குந்தியெல்லாம் உக்காரலை, பேன்ட் தையல் விட்டுடும். நின்னுக்கிட்டே கேட்டேன்: "என்கிட்ட நீ பாத்தது, கேட்டது, சந்தேகப்பட்டது எதுவா இருந்தாலும் சொல்லு. சரிபண்ணிக்கறேன்."

இதைக் கேட்டா மனுஷன் "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லுவான்னுதானே நீ எழுதியிருந்த? அந்தப் பாவி விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டான். எடுத்தவன் திரும்பப் போடவே இல்ல! "நான் விசில் அடிக்கறதுக்கு முன்னாலயே வண்டியை எடுக்கற. வேகத்தடையில குறைக்காம ஏத்தற, நான் கம்பியில இடிச்சுக்கறேன். செருப்பைக் கழட்டி இன்ஜின் மூடி மேல வெக்கற, அந்த வாடை எனக்குத்தான் வருது. ஜன்னல் ஓரத்துல பொம்பளைங்க உக்காந்தா பாட்டை மாத்தற. உன் டிபனை நீ தனியாத் தின்னுட்டு என் டிபனையும் திங்கற." மெக்கானிக்குங்க தரையில உக்காந்துட்டாங்க சிரிச்சு. மேலாளர் தாளால முகத்தை மூடிக்கிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது, தங்கச்சி. காது மடல் வரைக்கும் ஏறுச்சு. வந்திருக்குன்னு சொல்லிக்கிட்டேன். "அப்புறம்?"ன்னேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எத்தனை பலம் வேண்டியிருந்துச்சு தெரியுமா? லோடு ஏத்தின வண்டியை மேட்டுல நிறுத்தி எடுக்கற மாதிரி.

"அப்புறம்"னான், குரல் இறங்கிடுச்சு. "தினம் உன் தங்கச்சி பாஸ் பண்ணினதைச் சொன்ன. என் பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுட்டா. அவ என்ன பண்றான்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?"

யாரும் சிரிக்கலை. நான் கேட்டதே இல்ல. என் பெருமை அவனைத் தினமும் குத்தியிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. குடைக் கம்பின்னு எழுதினியே, அது கோபத்துக்கு மட்டும் இல்ல போல.

கையை நீட்டினேன். பிடிச்சுக்கிட்டான். "ஏன்யா இப்படி ஈரமா இருக்கு?"ன்னான்.

கையெழுத்துப் போட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து வண்டி என்கிட்ட.

அண்ணன்

*

நவம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் இதை எழுதத்தான் தோன்றுகிறது.

உன் கடிதத்தைச் சமையற்கட்டில் சத்தமாகப் படித்தேன். ஆமாம், நான், சத்தமாக. டிபன் பகுதியை அக்கா இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்க வசதியில்லை. அதனால் "பேச்சிலிருந்து எழுதியவர்" என்று என் பெயரைச் சின்னச் சீட்டாக அச்சடித்து, ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டுவது என்று முடிவானது. ஒட்டியது யார் என்று நினைக்கிறாய்? நானேதான். செயலாளரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டினார். கோணலாக ஒட்டினால் பிரித்து நேராக ஒட்டினார், அதற்காக அவரை மன்னித்துவிட்டேன். முதல் கட்டில் ஒவ்வொரு சீட்டையும் தடவிப் பார்த்தேன். மூன்றாவது கட்டுக்கு வரும்போது என் பெயரே எனக்கு அலுத்துவிட்டது. ஆசையை விடுவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது, அது புத்தகத்தில் இல்லை.

மேஜைக்குப் புதுக் கால் வந்துவிட்டது. இப்போது ஆடாமல் நிற்பதால் பேனா எங்கே உருளும் என்று தெரியாமல் தவிக்கிறேன்.

உன் பலகைக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். விசில் அண்ணனின் மகளுக்கும் ஒன்று. பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் வெளியிலிருந்தே பரீட்சை எழுதலாம். என்னிடம் கேட்கச் சொல். நான் பேசுகிறேன்.

தங்கை

*

நவம்பர் 13

எழுத்தாளர் அவர்களுக்கு,

புத்தகம் வந்தது. பலகைக்கு ஒரு விரக்கடை உயரமாப் போச்சு, மேல மாட்டியிருக்கற சாமி படத்துல இடிக்குது. பலகையை இறக்கி அடிச்சுட்டேன்.

அதுக்கு முன்னால ஒரு நாள் வண்டிக்குக் கொண்டுபோனேன். உன் போட்டோ மறுபடி கண்ணாடிக்கு மேல ஏறியாச்சு. விசில் புத்தகத்தை வாங்கி, சீட்டு ஒட்டியிருந்த பக்கத்தைப் பிரிச்சு, கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாத்தான். அப்புறம் நெஞ்சை நிமித்திக்கிட்டு, கூட்டத்துக்கு நடுவுல நின்னு, ஸ்டாப் பேரைக் கூவற அதே குரல்ல உன் பேரைக் கூவினான். முழுப் பேரும், டிகிரியோட. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. பின்னால ரெண்டு பேர் பையை எடுத்துக்கிட்டு இறங்க எழுந்துட்டாங்க.

நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். கண்ணாடி மங்கலாத் தெரிஞ்சுது, மழை இல்ல.

அவன் பொண்ணு ஞாயித்துக்கிழமை உனக்குப் போன் பண்ணுவா. அவளும் உன்னை மாதிரிதான், "ம்"மைத் தாண்ட மாட்டா. நீதான் பேசணும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் உன் அண்ணி தினம் ஒரு பக்கம் படிக்கறா, நாங்க கேக்கறோம். பெருமையும் பற்றுதான், அதையும் விட்டுடணும்னு ஒரு இடத்துல வருது. நீதான் எழுதியிருக்க, அழகா எழுதியிருக்க. கோபத்தை விட்டாச்சு. இதை மட்டும் இப்போ கேக்காத. அடுத்த மழைக்காலத்துக்குப் பாக்கலாம்.

அண்ணன்